மூன்று முறை எண்டர்

அந்த நாற்காலி வேண்டாம்மா, சாய்ந்தால் ஆளோடு பின்னால் போய்விடும். இப்படி வா, என் பக்கத்தில் உட்கார். இண்டர்வியூவுக்குத்தானே? மடியில் ஃபைலைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. சார் இன்னும் வரவில்லை. பதினொன்று என்றால் பத்து ஐம்பதுக்கே வந்துவிடுவார், அந்த விஷயத்தில் ஒழுங்கு. தண்ணீர் வேண்டுமா? வேண்டாமா? பயப்படாதே. மூன்று மாதத்துக்கு முன்னால் நானும் இப்படித்தான் இந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாளையோடு சரியாக மூன்று மாதம். நாளைக்கு எனக்கு வேலை நிரந்தரம் என்று கன்ஃபர்மேஷன் கடிதம் வரவேண்டும். வரும். ஏன் வராது?

என் பேர் சுபாஷிணி. உன் பேர்? பூவிழி. நன்றாக இருக்கிறது. எந்த ஊர்? காடாம்புலியூரா? அங்கிருந்து பஸ்ஸிலா வந்தாய், ஐயோ பாவம். நான் இதே கடலூர்தான். எல்.கே.ஜி.யிலிருந்து பன்னிரண்டாவது வரை கான்வென்ட். பெருமைக்குச் சொல்லவில்லை. ஆனால் வித்தியாசம் தெரியத்தானே செய்யும்?

உன் நல்லதுக்காக ஒன்று சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. இங்கே விண்டோஸ் கிடையாது. யாருடைய மேஜையிலும் கிடையாது. எல்லாம் லினக்ஸ். காலையில் ஒன்பதரைக்கு ஆரம்பித்தால் சாயங்காலம் வரை அதே கறுப்புத் திரை, அதே வெள்ளை எழுத்து. நான் சென்னையில் நான்கு வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்தவள். மவுஸைப் பிடித்தால் கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்வேன். இங்கே மவுஸுக்கு வேலையே இல்லை, மேஜை மேல் ஒரு மூலையில் பூனைக்குட்டி மாதிரி படுத்திருக்கும்.

நாம் என்ன செய்கிறோம் என்று தெரியுமா? பள்ளிக்கூடங்களுக்காகப் பெற்றோர்களுக்கு மெசேஜ் அனுப்புகிறோம். 'உங்கள் மகன் இன்று பள்ளிக்கு வரவில்லை', 'வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம்', 'மழையால் நாளை விடுமுறை.' இருபத்திரண்டு பள்ளிக்கூடம். மொத்தம் ஆறு பேர் வேலை பார்த்தோம். இப்போது ஐந்து. அந்த ஆறாவது இடத்துக்குத்தான் நீ வந்திருக்கிறாய்.

அவர் ஏன் போனார் என்றா கேட்கிறாய்? சொல்கிறேன், சொல்கிறேன். வரிசையாகச் சொன்னால்தான் உனக்குப் புரியும்.

முதல் நாள். பாஸ்வேர்டு அடிக்கச் சொல்கிறது. அடிக்கிறேன். திரையில் ஒன்றும் வரவில்லை. எழுத்து வேண்டாம், ஒரு புள்ளியாவது வரவேண்டாமா? ஒன்றுமே இல்லை. கீபோர்டு போய்விட்டது என்று நினைத்துப் பக்கத்து மேஜையிலிருந்து இன்னொன்றை மாட்டினேன். அதுவும் அப்படியே. மூன்றாவதாக ஒன்றைக் கேட்டு வாங்கியபோதுதான் ஞானவேல் எழுந்து வந்தான்.

ஞானவேல்தான் அந்த ஆறாவது ஆள். வயதில் என்னைவிட இரண்டு வருஷம் சின்னவன். குள்ளஞ்சாவடிக்குப் பக்கத்தில் ஏதோ கிராமம், அரசுப் பள்ளி. இங்கிலீஷில் நான்கு வார்த்தை கோர்வையாகப் பேச வராது. ஆனால் இந்தக் கறுப்புத் திரையில் அவன் அடிக்கிற வேகத்தைப் பார்த்தால் உனக்கே கோபம் வரும். "அது காட்டாதுங்க மேடம். நீங்க அடிக்கறது அதுக்குத் தெரியும். அடிச்சிட்டு எண்டர் தட்டுங்க" என்றான். அவ்வளவுதான். மூன்று கீபோர்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். சிரிக்கவாவது சிரித்தானா என்றால் அதுவும் இல்லை.

இரண்டாவது வாரம் இன்னொன்று. சில வேலைக்கு 'சூடோ' என்று ஒரு சொல்லை முன்னால் போட வேண்டும். பெரியவர்கள் சொல்கிறார்கள், செய் என்கிற மாதிரி. நான் போட்டேன். உடனே இங்கிலீஷில் என் பேரைச் சொல்லி, உனக்கு இதற்கு அனுமதி இல்லை, இந்தச் சம்பவம் தெரிவிக்கப்படும் என்று எழுதிவிட்டது. சம்பவமாம்! யாருக்குத் தெரிவிக்கும்? கான்வென்ட்டில் வளர்ந்தவளிடம் போய் 'தெரிவிக்கப்படும்' என்று சொல்லலாமா? உடனே வெள்ளைத்தாள் எடுத்து, 'மதிப்பிற்குரிய ஐயா, அறியாமல் செய்த பிழையைப் பொறுத்தருள வேண்டுகிறேன்' என்று கையெழுத்துப் போட்டு ஞானவேலிடம் கொடுத்தேன். முழுவதும் படித்தான். இரண்டு பக்கம்.

"அந்தப் புகார் யாருக்குப் போகும் ஞானவேல்?"

"எனக்குத்தாங்க வரும்."

"அப்ப?"

"நான் தெறந்து பாக்கறதே இல்ல மேடம்."

பார்த்தாயா? ஒரு ஒழுங்கு வேண்டாமா? எங்கள் கான்வென்ட் சிஸ்டர் பெர்னதெத்திடம் ஒரு புகார் போனால் அன்றைக்கே விசாரணை, அன்றைக்கே முட்டி போடுதல். அதில் ஒரு நிம்மதி இருந்தது. தப்பு செய்தோம், முட்டி போட்டோம், முடிந்தது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என்னால் பொறுத்துக்கொள்ள முடியாதது என்ன தெரியுமா? அந்த மௌனம். விண்டோஸ் நல்ல குடும்பத்துப் பிள்ளை மாதிரி. அழிக்கட்டுமா என்று கேட்கும். நாம் ஆமாம் என்றால், நிச்சயமாகவா என்று இன்னொரு தடவை கேட்கும். வேலை முடிந்ததும் வெற்றிகரமாக முடிந்தது என்று பச்சையில் ஒரு டிக் போட்டுக் காட்டும். நமக்கும் மனசு நிறையும். இந்த லினக்ஸ் இருக்கிறதே, ஒரு கேள்வி கேட்காது. அழி என்றால் அழித்துவிடும். நீ பெரிய மனுஷி, உனக்குத் தெரியாமலா சொல்வாய் என்று நினைத்துக்கொள்கிறது. சரியாகச் செய்து முடித்தால் ஒரு வார்த்தை சொல்லாது. அடுத்த வரியில் அந்தக் கர்சர் கோடு வந்து நின்று துடித்துக்கொண்டிருக்கும். தப்பாகச் செய்தால் மட்டும்தான் வாயைத் திறக்கும்.

ஞானவேலிடம் கேட்டேன். "அது ஒண்ணும் சொல்லலைன்னா வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தங்க மேடம்" என்றான். நான் நம்பவில்லை. வீட்டிலும் ஒன்றும் சொல்லாமல்தான் இருப்பார்கள். அதற்கு எல்லாம் சரியாக இருக்கிறது என்றா அர்த்தம்?

என் வீட்டுக்காரரைத் தப்பாக நினைக்காதே. தங்கமானவர். வேலைக்குப் போகட்டுமா என்று கேட்டேன், ஐந்தே மாதத்தில் சரி என்றுவிட்டார். ஒரே ஒரு நிபந்தனைதான். "மூணு மாசம் பார்ப்போம் சுபா. கன்ஃபர்ம் பண்ணினாங்கன்னா போ. இல்லைன்னா பாப்பாவையும் போட்டு அலைக்கழிக்காம பேசாம வீட்டோட இரு." பாப்பாவுக்கு ஒன்றேகால் வயசு. நியாயம்தானே அவர் சொன்னது? அவர் வேலையில் சேர்ந்தபோது யாராவது இப்படிச் சொன்னார்களா என்று எனக்கு ஒரு நாள் தோன்றியது. தோன்றியதோடு சரி.

அதனால் நானும் விடவில்லை. ஒரு நோட்டு வாங்கி, பிரவுன் அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, கட்டளைகளை எல்லாம் கோடு தாண்டாமல் எழுதிக்கொண்டேன். நாற்பத்திரண்டு. பாப்பாவைத் தூங்க வைக்கும்போது தாலாட்டுக்குப் பதில் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லாம் ஞானவேல் சொல்லச் சொல்ல எழுதியது. ஒரு தடவை கேட்டதை இன்னொரு தடவை கேட்டாலும் சொல்லுவான். ஒரு முகச்சுளிப்பு கிடையாது. பாவம், அவனுக்கு வேறு யார் மதிப்புக் கொடுத்துக் கேட்டார்கள்? நான் கேட்டதில் அவனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்திருக்கும்.

இப்போது எங்கே இருக்கிறாரா? நீ என்னம்மா, அவனையே கேட்டுக்கொண்டிருக்கிறாய். வருகிறேன் அதற்கு.

போன மாதம் அந்த மழை ஞாபகம் இருக்கிறதா? செவ்வாய்க்கிழமை. மத்தியானத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தது. குள்ளஞ்சாவடி ரோட்டில் தண்ணீர் ஏறிவிட்டால் வீட்டுக்குப் போக முடியாது என்று ஞானவேல் ஐந்தரைக்கே சாரிடம் சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டான். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். என் வீட்டுக்காரர் வந்து அழைத்துப்போவதாகச் சொன்னதால் நான் மட்டும் இருந்தேன். ஆறு மணிக்குக் கலெக்டர் விடுமுறை அறிவித்துவிட்டார். சாரிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். "யாரு இருக்கீங்களோ, லீவு மெசேஜ உடனே எல்லா ஸ்கூலுக்கும் போட்டுடுங்க." ஆபீஸ் குரூப்பில்தான் போட்டார். அதில் யார் பேரையும் சொல்லவில்லை, கவனி.

அதற்கு ஞானவேல் ஒரு கட்டளை எழுதி வைத்திருந்தான், ஸ்கிரிப்ட் என்பான். நோட்டில் முப்பத்தேழாவது. பார்த்துப் பார்த்து அடித்தேன். ஒரு தடவைக்கு இரண்டு தடவை சரிபார்த்தேன். எண்டர் தட்டினேன்.

ஒன்றும் சொல்லவில்லை.

கோடு வந்து நின்று துடிக்கிறது. போயிற்றா, போகவில்லையா? ஒன்பதாயிரம் வீட்டுக்குப் போக வேண்டிய செய்தி. போகாமல் காலையில் பிள்ளைகள் நனைந்துகொண்டு ரோட்டில் நின்றால்? எனக்கும் ஒரு குழந்தை இருக்கிறதே. ஞானவேலுக்குப் போன் போட்டேன், மழையில் லைன் கிடைக்கவில்லை. மேல் அம்புக்குறியைத் தட்டினால் முன்பு அடித்தது அப்படியே வரும் என்று அவன் சொல்லித் தந்திருந்தான். தட்டினேன். எண்டர். மறுபடியும் மௌனம். ஒரு நிமிஷம் காத்திருந்தேன். வெளியே ஹாரன் அடிக்கிறார் இவர். "வர்றியா இல்லையா?" என்று போன் வேறு. இன்னொரு தடவை அம்புக்குறி, இன்னொரு எண்டர். எதற்கும் இருக்கட்டும் என்று.

மூன்றுமே போயிருந்தது.

ஒரே செய்தி மூன்று தடவை வந்தால் நீ என்ன நினைப்பாய்? ஏதோ மெஷின் கோளாறு என்று நினைப்பாய். நம் கடலூர்க்காரர்கள் அப்படி நினைப்பார்களா? எத்தனை புயல் பார்த்த ஜனம்! மஞ்சக்குப்பத்தில் யாரோ ஒரு புத்திசாலி, மூன்று மெசேஜ் என்றால் துறைமுகத்தில் மூன்றாம் நம்பர் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்று ஆரம்பித்துவைத்திருக்கிறான். ஏழரை மணிக்குக் கடைத்தெருவில் மெழுகுவர்த்தி இல்லை. எட்டு மணிக்குப் பால் பாக்கெட் இல்லை, ரொட்டி இல்லை. நான் வீட்டுக்குப் போனால் என் மாமியார் அண்டா, குண்டான், பாப்பா குளிக்கிற டப் எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, பன்னிரண்டு மெழுகுவர்த்தியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். கீழ்வீட்டு அக்காவின் பையனுக்கு வந்த மெசேஜாம். "உங்க கம்பெனிக்காரங்க பொறுப்பானவங்கடி. ஒரு தடவைக்கு மூணு தடவை சொல்லியிருக்காங்க பாரு" என்றார்கள். மூன்று வருஷத்தில் என் மாமியார் என்னைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை. நான் என்ன சொல்லட்டும்? சாப்பிட்டேன், படுத்தேன்.

மறுநாள் பளீரென்று வெயில்.

விஷயம் மெழுகுவர்த்தியோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். முதுநகர் பக்கம் ஹாஸ்டலோடு ஒரு பள்ளிக்கூடம், நமக்குப் பெரிய பார்ட்டி அதுதான். அங்கே பிள்ளைகளை விட்டிருந்தவர்கள் நூற்றைம்பது பேர், புயல் வருகிறது என்று அந்த மழையிலேயே வண்டி எடுத்துக்கொண்டு வந்து கேட்டில் நின்றுவிட்டார்கள். வார்டன் கதவைத் திறக்கவில்லை. சண்டை. ஒரு அப்பா சுவர் ஏறிக் குதித்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். அந்தப் பள்ளிக்கூடத்துக் கரெஸ்பாண்டன்ட் காலையில் ஒன்பதரைக்கு இங்கேயே வந்துவிட்டார். இதோ, நாம் உட்கார்ந்திருக்கிற இந்த இடத்தில் நின்றுகொண்டுதான் சத்தம் போட்டார்.

சார் எங்கள் எல்லோரையும் நிற்க வைத்துக் கேட்டார். "எவன் வேலை இது?"

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். ஆனால் அதற்குள் ஞானவேல், "என் ஸ்கிரிப்டுல தப்புங்க சார். ஒரு தடவை போனா மறுபடி போகாத மாதிரி நான் தடுத்திருக்கணும்" என்று சொல்லிவிட்டான். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். என் பக்கம் திரும்பவே இல்லை.

நீயே யோசித்துப் பார், அவன் சொன்னதில் ஏதாவது பொய் இருக்கிறதா? தடுத்திருக்க வேண்டியதுதானே? அவன் தப்பை அவன் ஒப்புக்கொண்டான். குறுக்கே புகுந்து பேசுவது மரியாதையா? ஒருவர் பேசும்போது இடையில் பேசக்கூடாது என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கரெஸ்பாண்டன்ட் முன்னாலேயே சார், "நீ கெளம்பு, நாளையிலேர்ந்து வர வேணாம்" என்றார். ஹெல்மெட்டையும் டிபன் பாக்ஸையும் எடுத்துக்கொண்டான். போகும்போது என் மேஜை பக்கம் நின்று, "முப்பத்தேழாவதைக் கோடு போட்டு அடிச்சிடுங்க மேடம். வேற எழுதித் தரணும்னு இருந்தேன்" என்றான். அவ்வளவுதான் பேச்சு. அவனுக்கென்ன, தனிக்கட்டை. எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வான். தங்கைக்குத் தை மாதம் கல்யாணம் என்று மட்டும் ஒரு நாள் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஏன் ஒன்றும் பேச மாட்டேன் என்கிறாய்? நீயும் லினக்ஸ் மாதிரி இருக்கிறாயே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நேற்று டீ குடிக்கும்போது சார் சொல்கிறார், "ஒரு சந்தேகம். ஞானவேல் அஞ்சரைக்கே போயிட்டான். மெசேஜ் போனது ஆறு பத்துக்கு. அப்ப யாரு தட்டினது? அந்தக் கரெஸ்பாண்டன்ட் எழுத்துல கேக்கறாரு. புது ஆள் வரட்டும், முதல் வேலை அத நோண்டிப் பாக்கறதுதான்." டீயை அப்படியே வைத்துவிட்டு என் மேஜைக்கு வந்துவிட்டேன்.

அதனால்தான் உன்னிடம் சொல்கிறேன். உன்னை நோண்டச் சொல்வார். நீ சின்னப் பெண், புதுசு, லினக்ஸ் உனக்கும் பழக்கம் இருக்காது. பழைய பதிவெல்லாம் பார்க்கத் தெரியாது சார் என்று சொல்லிவிட்டால் போதும். அதில் உனக்கு ஒரு கெட்ட பேரும் வராது. பார்த்தாலும் ஒன்றும் இருக்காது. நாம் அடிக்கிற ஒவ்வொன்றையும் அது நம் பேரில் எழுதி வைத்துக்கொள்ளும் என்று எனக்கும் தெரியும். அதை அழிக்க ஒரு கட்டளை உண்டு, நோட்டில் பதினொன்றாவது. ஞானவேல் போன அன்றைக்கே அடித்துவிட்டேன். அதற்கும் அது ஒன்றும் சொல்லவில்லை. அதை மட்டும் நான் இரண்டாவது தடவை அடிக்கவில்லை.

என்ன? திரும்பச் சொல்லு.

சர்வர் தனியாக எழுதி வைத்திருக்குமா? எந்தக் கணக்கிலிருந்து, எந்த மேஜையிலிருந்து, எத்தனை மணிக்கு என்று? நான் அழித்தது என் பக்கத்தில் இருந்தது மட்டும்தானா? அழித்த நேரம்கூடத் தெரியுமா? உனக்கு எப்படித் தெரியும் இதெல்லாம்?

பதினொன்றாம் வகுப்பில் கவர்மெண்டில் கொடுத்த லேப்டாப்பா? அதில் பென்குயின் படம் போட்டு இந்த லினக்ஸ்தான் இருந்ததா? வீட்டில் வேறு கம்ப்யூட்டரே கிடையாதா? ஏழு வருஷமாக இதிலேயேவா?

அப்படியானால் நான் இவ்வளவு நேரம் கீபோர்டு கதை சொன்னபோது ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? நான் கேட்கவில்லையா. சரி. கேட்கவில்லைதான்.

பார் பூவிழி, தெரிந்தாலும் தெரியாது என்று சொல்லலாம் இல்லையா? ஒரே ஒரு தடவை. எனக்கு நாளைக்குக் கடிதம். அது வரவில்லை என்றால் என் வீட்டில் யாரும் திட்ட மாட்டார்கள். அதுதான் பயமே. நான்தான் அப்பவே சொன்னேனே என்றுகூடச் சொல்ல மாட்டார். சாப்பிட உட்காருவார்கள், நான் பரிமாறுவேன், பாப்பா தத்தித் தத்தி நடக்கும், மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும் அப்படியே. உனக்குப் புரியாது, உனக்குக் கல்யாணம் ஆகவில்லை.

என்ன கேட்டாய்? தெரியாது என்று சொன்னால் உனக்கு வேலை கிடைக்குமா என்றா?

கிடைக்காது. ஆமாம். நான் அதை யோசிக்கவில்லை.

சத்தியமாக யோசிக்கவில்லையா என்று நீ பார்க்கிறாய். யோசித்தேன். உன் ஃபைலைப் பார்த்ததும் யோசித்தேன். போதுமா?

கார் சத்தம் கேட்கிறதா? சார்தான். மணி பத்து ஐம்பது. சொன்னேனே, ஒழுங்கு என்று. குட் மார்னிங் சார்... ஆமாம் சார், இண்டர்வியூவுக்குத்தான் சார்... சரிங்க சார், அனுப்புகிறேன்.

நீ எழுந்திருக்காதே. உட்கார். உன் நேரம் பதினொன்று. இந்தப் பத்து நிமிஷம் என்னுடையது. நீ உள்ளே போய் நோண்டி எடுத்துக் கொடுத்தால் நான் ஒளித்தவள். நானே போய்ச் சொன்னால் மூன்று முறை தட்டியவள், அவ்வளவுதான். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டா என்று தெரியவில்லை. உள்ளே போனால்தான் தெரியும். ஞானவேலின் நம்பர் என்னிடம் இருக்கிறது, அதையும் சாரிடம் கொடுத்துவிடுகிறேன். அவனைத் திரும்பக் கூப்பிட்டால் உனக்கு இங்கே இடம் இருக்குமா என்றும் தெரியவில்லை. மன்னித்துக்கொள். இருந்தால் என் இடத்தில் உட்கார். கீபோர்டு நன்றாகத்தான் இருக்கிறது.

புடவை பின்னால் கசங்கியிருக்கிறதா? சரி, இருக்கட்டும்.

இந்தா, இந்தப் போனைக் கொஞ்சம் பிடி. பாப்பாவை விட்டிருக்கிற காப்பகத்திலிருந்து கூப்பிட்டால் எடுத்து, அம்மா வேலையில் இருக்கிறார்கள் என்று சொல்லு. இன்னும் பத்து நிமிஷத்துக்கு அது பொய்யில்லை.